டூக்கரிக்கு ஒரு சீட்டு

"நேரமாயிட்டா கப்பல் எனக்காக நிக்குமா?"

அந்த அம்மாள் மூன்றாவது தடவையாகக் கேட்டார். யூலாலிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

தீவின் ரோசோ துறையில் உல்லாசக் கப்பல் வந்து நின்று ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மற்றவர்கள் யூலாலியின் படகுப் பயணப் பலகையில் இருந்த தீவு வரைபடத்தை ஒரு பார்வை பார்த்தார்கள், பிடித்த இடத்தை விரலால் தொட்டார்கள், முகமூடியும் மூச்சுக்குழாயும் வாங்கிக்கொண்டு படகேறிவிட்டார்கள். இவர் மட்டும் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர் மாதிரி பலகையை மேலும் கீழும் அளந்துகொண்டிருந்தார்.

யூலாலி மறுபடி சொன்னாள். கடலில் மீன் பார்க்கும் ஸ்நார்க்லிங் போகக் கப்பலிலேயே சீட்டு வாங்கினால், தலையை எண்ணிப் பார்த்து, ஒரு தலை குறைந்தாலும் காத்திருப்பார்கள். கரையில் வாங்கினால் ஐந்து மணிக்குச் சங்கை ஊதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் பயமே வேண்டாம், பன்னிரண்டு வருஷத்தில் தன் படகில் போன ஒருவர்கூடக் கப்பலைத் தவறவிட்டதில்லை.

அது வெறும் பீற்றல் இல்லை. ஒரு பயணி கரையில் தங்கிப்போனால் துறைமுகத்தார் அவள் கழுத்தில் தொங்கும் உரிம அட்டையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அட்டை இல்லாதவள் இந்தக் கம்பிவேலிக்குள் கால் வைக்க முடியாது. யூலாலி வீட்டு அடுப்பு அந்த அட்டையை நம்பித்தான் எரிகிறது.

யூலாலி சொன்னதைக் கேட்டு அந்த அம்மாளின் முகம் தெளிந்திருக்க வேண்டும். வாடிப்போயிற்று. யூலாலிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன யூலாலி, அந்தம்மா கடலையே விலை பேசுறாங்களா?" என்றான் பக்கத்துப் பலகைக்காரன் கத்பர்ட்.

"உன் ஓட்டைப் படகை நீ பாருடா, போதும்."

நிழலில் போட்டிருந்த பெஞ்சில் அம்மாளின் கணவர் உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் "நோரீன்!" என்று அங்கிருந்தே ஓர் அதட்டல். தண்ணீர் என்றாலே அவருக்கு ஆகாதாம். இதற்கு முந்தைய தீவுகளில் கடைக்கும் கோட்டைக்கும் மலைக்கும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தவர், கடலில் இறங்க மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் நோரீன் லேசாகச் சிரித்தார்.

"நீச்சல் தெரியுமா அம்மா?"

"தெரியாது."

நீச்சல் தெரியாதவர்களுக்கென்றே ஷாம்பெய்ன் கடற்கரை இருக்கிறது, இடுப்பளவுத் தண்ணீர். நோரீன் தலையை ஆட்டி மறுத்தார். சூஃப்ரியர் கடற்கரையும் வேண்டாமாம். வரைபடத்தில் அவருடைய விரல் வடக்கே ஏறி ஏறி, தீவின் உச்சியில் போய் நின்றது. டூக்கரி. படகில் போய்ச் சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த மாதத்தில் அதை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"அங்க ஆழம் ஜாஸ்தி. உங்களுக்கு ஒத்துவராது."

ஒத்துவரும் என்று நோரீன் ஒற்றைக்காலில் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அங்கேருந்து ஏர்போர்ட் பக்கம்தானே?"

மீன் பார்க்கப் போகிறவர்கள் ஆமை வருமா என்று கேட்பார்கள், கழிப்பறை உண்டா என்று கேட்பார்கள். விமான நிலையத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை.

நோரீன் பணம் எடுக்கப் பையைத் திறந்தார். உள்ளே துண்டு இல்லை, நீச்சல் உடை இல்லை. மடித்த சட்டைகள் இரண்டு, ஒரு மாத்திரை டப்பா, பாஸ்போர்ட்.

"மூணு மணிக்கு பிளேன். என் தங்கச்சி டிக்கெட் எடுத்து வச்சிருக்கா" என்றார் நோரீன். "முப்பத்தேழு வருஷமா எனக்கு வீட்டுச் சாவிகூடக் கிடையாதும்மா."

யூலாலிக்கு முதலில் அட்டைதான் நினைவுக்கு வந்தது, அடுப்பு நினைவுக்கு வந்தது. முடியாது, கத்பர்ட்டிடம் போங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் கணவர் எழுந்து வந்துவிட்டார்.

"இவளுக்கு நீச்சல் தெரியாது. எங்க கூட்டிட்டுப் போற? எத்தனை மணிக்குக் கொண்டுவந்து விடுவ?"

கேள்வி யூலாலிக்குத்தான். ஆனால் பேசும்போதே அவர் கை போய் நோரீனின் பையை வாங்கிக்கொள்ளப் பார்த்தது, ஏதோ தன் பையை வாங்குகிற மாதிரி. நோரீன் விடவில்லை. இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

யூலாலிக்கு ஆத்திரம் பொங்கியது. பயம் போன இடம் தெரியவில்லை.

"பையை விடுங்க சார், முகமூடி வைக்க வேணும். இதோ இருக்கே, ஷாம்பெய்ன் பீச்சு. இடுப்பளவு தண்ணி. டாண்ணு நாலு மணிக்கு உங்க கையில ஒப்படைச்சிடுறேன்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வைக்கிறார்கள். அதிலிருந்து ஒருத்தியை வெளியே கொண்டுவர ஒன்றிரண்டு சொன்னால் குற்றமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவர் குனிந்து அட்டையிலிருந்த பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "யூலாலி லாரோண்ட். ஞாபகம் வச்சுக்கறேன்."

"நல்லா வச்சுக்குங்க சார்" என்று யூலாலி அட்டையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

அவர் பெஞ்சுக்குத் திரும்பி நடந்தார். யூலாலி சீட்டை எடுத்தாள். அதில் போகும் நேரத்துக்கு ஒரு கட்டம், திரும்பும் நேரத்துக்கு ஒரு கட்டம். முதல் கட்டத்தில் ஒன்பதரை என்று எழுதினாள்.

இரண்டாவது கட்டத்தின் குறுக்கே பேனாவை அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். சீட்டை மடித்து, நோரீனின் கைக்குள் வைத்து மூடினாள்.