பேரிங் கடை அண்ணாச்சி வீட்டு கேட்

ஜங்ஷனில் பேரிங் கடை வைத்திருக்கும் திருஞானசம்பந்தம் அண்ணாச்சியின் வீட்டு கேட் தினமும் மத்தியானம் கத்தும். சும்மா கத்தாது. தெருவையே எழுப்பும்.

தெருவில் மற்றவர்கள் அந்நேரம் முழித்துத்தான் இருப்பார்கள். தூங்குகிறவன் எதிர்வீட்டு நடராஜ் ஒருத்தன்தான். நூல் மில்லில் அவனுக்கு நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்து, தூக்கம் நன்றாகப் பிடிக்கிற நேரத்துக்கு அண்ணாச்சி கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். அப்புறம் எங்கே தூங்க?

போன வாரம் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கண்ணசந்துவிட்டான். இன்னொரு தடவை பார்த்தால் வேலையை விட்டே அனுப்பிவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. பாக்கலாம், பாக்கலாம் என்பார். நடராஜே ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தோடு போனான். வாசலில் சிந்தினால் வழுக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். ஊரில் ஓடுகிற லாரிக்கும் மோட்டாருக்கும் ரைஸ் மில்லுக்கும் பேரிங் கொடுக்கிற மனுஷன், தன் வீட்டு கேட்டுக்கு ஒன்று போட மாட்டேன் என்கிறாரே, இப்படியும் ஒரு கஞ்சன் உண்டா என்று நடராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் அவர் கடைக்கே போனான். சீவலப்பேரியில் மாமா வீட்டு கேட்டுக்கு ஒரு பேரிங் வேண்டும் என்றான்.

பேரிங் என்றால் அண்ணாச்சிக்குச் சோறு தண்ணி வேண்டாம். சுற்றுகிற மோட்டாருக்கு என்றால் குண்டு வைத்த பால் பேரிங் போதும். லாரிச் சக்கரத்துக்கு மேலேயிருந்தும் பக்கத்திலிருந்தும் பாரம் வரும், அதற்குச் சரிவாக உருளை வைத்த டேப்பர் பேரிங். கேட் தன் மொத்த எடையோடு மேலே உட்காருகிறது, அதற்கு த்ரஸ்ட் பேரிங்தான் என்று ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிக் காட்டினார். கேட் எவ்வளவு உயரம், எப்படிக் கத்துகிறது என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். நடராஜ் அவர் வீட்டு கேட்டையே அச்சு அசலாகச் சொன்னான். கத்தியும் காட்டினான்.

அண்ணாச்சி முகத்தைச் சுளித்தார்.

"இப்படிக் கத்த விட்டுட்டு ஒருத்தன் பாத்துக்கிட்டு இருக்கானா? அக்கம்பக்கத்துல மனுசன் குடியிருக்க வேண்டாமா?"

நடராஜுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அண்ணாச்சி ஒரு இரும்புக் கிண்ணத்தில் கிரீஸ் வைத்து, பேரிங்கை உட்கார வைத்து, இறுக்கமாக மூடியும் போட்டுக் கொடுத்தார். மண், தூசி எதுவும் உள்ளே போகாது, உன் மாமா காலத்துக்கும் சத்தமே வராது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி வீட்டில் எல்லோரும் முக்கூடலுக்குக் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து, வெல்டர் மாடக்கண்ணுவைக் கூட்டிவந்து, கேட்டைத் தூக்கி அடியில் பேரிங்கை வைத்தாயிற்று. சுண்டுவிரலால் தொட்டால் போதும், கேட் திறந்தது. திங்கட்கிழமை நடராஜ் சாயங்காலம் வரைக்கும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டொக் டொக் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு அடியில் குந்தியிருக்கிறார். கையில் ஸ்க்ரூ டிரைவர், பக்கத்தில் சிரட்டை நிறைய ஆற்று மணல். அவர் போட்ட மூடி அவருக்கே திறக்க மாட்டேன் என்கிறது.

நடராஜ் லுங்கியோடு தெருவில் இறங்கி ஓடினான்.

"என்ன அண்ணாச்சி செய்யுதிய? பேரிங்குல மண்ணள்ளிப் போடுதியளா? எனக்கு வேலை போயிரும் போல இருக்கு."

"பைய பேசு லே. உள்ள பிள்ளை இருக்கு" என்று அண்ணாச்சி அவனை மதில் ஓரமாக இழுத்தார். "கிண்ணத்தைப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சிட்டு. உன் மேல தப்பில்ல."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் சம்சாரம் இறந்து வருஷமாகிறது. மகன் கணேஷ்ராமுக்குத் தூத்துக்குடியில் வேலை, போனால் இருட்டித்தான் வருவான். பகலில் வீட்டில் இருப்பது மருமகள் சித்ரலேகா மட்டும். வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளை. சமைத்து வைத்துவிட்டு, நைட்டியோடு கூடத்தில் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டிப் படுத்திருக்கும். கேட் கத்தினதும் எழுந்து, உள்ளே போய்ச் சேலையைச் சுற்றிக்கொண்டு இலை போட நிற்கும். அண்ணாச்சியும் வாசலில் செருப்பைக் கழற்ற நேரம் எடுத்துக்கொண்டு, பைய உள்ளே போவார்.

நேற்று கேட் கத்தவில்லை. அவர் பாட்டுக்குக் கூடத்துக்குள் போய் நின்றுவிட்டார். அந்தப் பிள்ளை விழுந்தடித்து எழுந்து ஓடியதில் கதவு நிலையில் இடித்து நெற்றி வீங்கிவிட்டது. காலையிலிருந்து அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரே அழுகை.

நடராஜுக்குப் பாதிக் கோபம் இறங்கிவிட்டது. கடையிலேயே சாப்பிடலாமே என்று கேட்டான். அதையும் செய்து பார்த்தாராம். மாமாவுக்கு என் சமையல் பிடிக்கவில்லை என்று அதற்கும் அழுதுவிட்டாளாம்.

"அப்ப ஒரு காலிங் பெல் வச்சு, அடிச்சிட்டு உள்ள போங்களேன்."

அண்ணாச்சி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பெல்லை நான்லா அடிக்கணும்? அடிச்சா, அவ படுத்திருக்கது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் எப்படி லே நிம்மதியாப் படுப்பா? கேட்டு கத்துனா எனக்கு ஒண்ணும் தெரியாதுல்லா."

நடராஜ் ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு குந்தினான். மூடியை நெம்பி எடுத்து, சிரட்டை மணலைக் கொட்டி, கேட்டை ஒரு தரம் ஆட்டிப் பார்த்தான்.

"பத்தாது அண்ணாச்சி" என்றான். "இன்னும் கொஞ்சம் கத்தணும்."