ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

"மெக்கானிக்! நீ மாட்டின மெமரி மறுபடியும் மண்டையைப் போட்டுடுச்சு. உடனே வந்து பாரு!"

டோன்யா தார்சிலா போனில் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது. பாதாம் மரத்தடியில் டோமினோ ஆடிக்கொண்டிருந்த நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

மெக்கானிக் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த மருமகன் எலியேசர்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர் அவன் தொழில். அவள் சம்மதம் இல்லாமல் மகள் நூரிஸைக் கட்டிக்கொண்டவன். அதனால் 'மாப்பிள்ளை' என்ற வார்த்தை அவள் வாயில் வராது.

நூரிஸ் இப்போது ஸ்பெயினில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மகள் முகத்தைப் பெரிய திரையில் பார்க்க, தார்சிலாவுக்கு அந்தக் கம்ப்யூட்டர்தான் கதி. படம் திக்கித் திக்கி வருகிறது என்று எலியேசர் பழைய மெமரி அட்டையைக் கழற்றிவிட்டு, அதைவிடப் பெரியதாக ஒன்றை மாட்டிக் கொடுத்தான்.

மாட்டின நாளிலிருந்து வாரம் தவறாமல் ரிப்பேர்.

"ஆன் பண்ணினா பீப் பீப்னு அழுவுது. திரையில ஒண்ணும் வரலை. இதெல்லாம் ஒரு வேலையா?" போனில் அர்ச்சனை தொடர்ந்தது.

"சொந்த மாமியார் வீட்டுலயே இந்த லட்சணம்" என்றான் எதிரே உட்கார்ந்திருந்த உபால்டோ. "நாஃபெர், உன் கடையை அவன்கிட்ட குடுத்தே, அப்புறம் கடையை இழுத்து மூடிட்டு எங்களோட தினமும் டோமினோ ஆட வேண்டியதுதான்."

என் கவலையும் அதுதான். என் ஜெராக்ஸ் கடையில் உள்ள எல்லா கம்ப்யூட்டருக்கும் மெமரி கூட்ட வேண்டும். அந்த வேலையை எலியேசருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தேன். தெருவே கேட்க மாமியார் திட்டித் திட்டி, அவனிடம் வேலை கொடுக்கவே ஆள் இல்லாமல் போய்விட்டது. என் கடையைத்தான் மலைபோல நம்பியிருந்தான். பாவம்தான். அதற்காக என் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொள்ள முடியுமா?

அடுத்த ஞாயிறு, வேறு ஒரு நல்ல ஆளை அனுப்பட்டுமா என்று கேட்க தார்சிலா வீட்டுக்குப் போனேன். எங்கள் பாரன்கியா ஊர் வெயிலுக்கு யார் கதவைச் சாத்துகிறார்கள்? நேரே உள்ளே நுழைந்தேன்.

கூடத்தில் அவள் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒரு விரலை விட்டு லேசாகத் தட்டினாள். மெமரி டக்கென்று எகிறி வந்தது. மூடியைப் போட்டாள். போனை எடுத்தாள்.

"மெக்கானிக்! மறுபடியும் போச்சு!"

"அக்கா!" என்றேன்.

திரும்பியவள் முகம் சிவந்துவிட்டது.

"எவ்வளவு நேரமா நிக்கிறே?"

"எல்லாத்தையும் பார்த்துட்டேன்."

"பார்த்தா பாரு. இந்தப் பயலை என் வீட்டுல சாப்பிடக் கூப்பிட மாட்டேன்னு கார்மென் மாதா மேல சத்தியம் பண்ணினேன். நீயும்தானே பக்கத்துல நின்னே?"

"ஆமா."

"ரிப்பேருக்குக் கூப்பிட மாட்டேன்னு சத்தியம் பண்ணினேனா? வேலை செய்ய வந்தவனைப் பட்டினியா அனுப்புற வழக்கம் நம்ம தெருவுல உண்டா? நூரிஸ் போனதுலேர்ந்து கடை ரொட்டியைத் தின்னு தின்னு ஓடாப் போயிட்டான்."

அடுப்பில் துவரையும் உப்புக்கறியும் மரவள்ளியும் போட்ட சான்கோச்சோ சூப் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கிழவிக்கு எதற்கு அவ்வளவு பெரிய பானை? எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

"வெளியே மூச்சு விட்டே..." என்று கரண்டியைக் காட்டினாள்.

எலியேசர் வந்தான். "ஏன் லேட்?" என்று வாசலிலேயே திட்டு வாங்கினான். மெமரியை ஒரு நிமிஷத்தில் மாட்டினான். சாப்பிட ஒரு மணி நேரம் ஆனது. நான் வீடு திரும்பிய பிறகு நூரிஸ் திரையில் வந்தாள் போலிருக்கிறது, மூன்று பேரும் சிரிக்கிற சத்தம் என் வீடு வரை கேட்டது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. கிழவி விளையாடுகிறாள், சரி. ஒரு விரல் பட்டதுமே மெமரி எகிறுகிறது என்றால், இவன் மாட்டின லட்சணமும் அப்படித்தானே? என் கடையில் பள்ளிப் பிள்ளைகள் மேஜையை இடித்துத் தள்ளுவார்கள். தாங்குமா?

வயிறு நிறைந்து வெளியே வந்தவனை மரத்தடியில் பிடித்தேன்.

"தம்பி, தப்பா நினைக்காதே. கடை வேலையை வேற ஆளுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "ஏண்ணே?"

"மெமரியை ரெண்டு பக்கமும் கொக்கி கடிச்சுப் பிடிக்க வேண்டாமா? அக்கா தட்டினதும் துள்ளி வருது. என் கண்ணாலயே பார்த்தேன்."

எலியேசர் அவசரமாக மாமியார் வீட்டைத் திரும்பிப் பார்த்தான். என் கையைப் பிடித்து மரத்துக்குப் பின்னால் இழுத்தான்.

"மெதுவாப் பேசுங்கண்ணே, அவங்க காதுல விழுந்துடப் போகுது. முதல்ல நான் இறுக்கமாத்தான் மாட்டினேன். அத்தைக்கு விரல்ல மூட்டுவலி, அதைக் கழட்டுறதுக்குள்ள நகமே பேந்து போயிருந்தது. அதான் கொக்கியை நானே கொஞ்சம் ராவி விட்டேன்."