ரயில்வே மாப்பிள்ளை

பெண் பார்க்க வந்த முனிராஜ், காப்பியைக் கையில் வாங்கியதுமே இருமினான்.

"ரயில் புகைங்க. எஞ்சின் வேலைன்னா அப்படித்தானுங்க," என்றான்.

பெண்ணின் அம்மா பாஞ்சாலி பூரித்துப்போனாள். "தெரியாதுங்களா! எங்க வூட்டுக்காரரும் ரயில்வே வேலைன்னு சொல்லி, இதே இருமலோடதான் என்னைப் பொண்ணு பாக்க வந்தாரு."

மாப்பிள்ளை வீட்டார் பாப்பாரப்பட்டிக்கு வண்டி ஏறியதும் அவள் புருஷன் மாது சொன்னார்: "இந்த இடம் வேணாம்."

"ரயில்வே மாப்ளய வேணாங்கறீங்களே?"

"அவன் ரயில்வே இல்ல. தங்கச் சுரங்கத்துக்குள்ள, தண்டவாளத்துல கல்லு வண்டி தள்றவன். அது கல்லுத்தூசி இருமல். நெஞ்சையே அரிச்சுப்புடும். நம்ம புள்ள சீக்கிரமே தாலியறுக்கும்."

"இருமலைக் கேட்டே எப்படிங்க சொல்றீங்க? உங்களுதும் அதே மாதிரிதானே இருக்குது?"

மாது இருமி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"நான் வேலை பார்த்த ரயிலும் பூமிக்கு அடியிலதான் ஓடுச்சு, பாஞ்சாலி."