செக்போஸ்ட்டில் பிரேக் சோதனை

“பாய், செக்போஸ்ட்டுல ஃபாரஸ்ட் கார்டு தினமும் என் சைக்கிள் பிரேக்கை அமுக்கிப் பாக்குறாரு. இன்னிக்கும் சரியா அமையலன்னா என் பொழப்பு போச்சு” என்றான் ரங்கசாமி.

சைக்கிள் கடை சனாவுல்லா உற்சாகமாகக் குந்தினார். “இங்க பாரு. இந்த நட்டை வலப்பக்கம் திருகினா ரப்பர் ரிம்மைக் கவ்வும். இடப்பக்கம் திருகினா விலகிடும், வண்டி நிக்காது. புரிஞ்சுதா?”

“நல்லா புரிஞ்சுது பாய். இனி நானே திருகிக்கிறேன்.”

மலையிறக்கத்துச் செக்போஸ்ட்டில் கார்டு அவனை நிறுத்தினார். பிரேக்கை அமுக்கியபடி சைக்கிளைத் தள்ளினார். பின்னால் கட்டியிருந்த கிளையையும் இழுத்துக்கொண்டு அது உருண்டது.

“இன்னாய்யா, பிரேக்கே இல்ல?”

“அதாங்க சார், இந்தக் காய்ஞ்ச கிளையைப் பின்னாடி கட்டி இழுத்துக்கினு வர்றேன். இது தரையில தேயுறதாலதான் வண்டி மெதுவா இறங்குது.”

“அதுக்கு இவ்ளோ பெரிய கிளையா?”

“பிரேக் சுத்தமா இல்லீங்களே!”

கார்டு யோசித்தார். “பிரேக் பிடிச்சிருந்தா விறகுன்னு பறிச்சிருப்பேன். உசுரு முக்கியம், பாத்துப் போ.”

வளைவு தாண்டியதும் ரங்கசாமி இறங்கி, நட்டை வலப்பக்கம் இறுக்கிக்கொண்டான்.

அடிவாரத்தில் டீக்கடைக்காரர் கிளையை அவிழ்த்து அடுப்போரம் போட்டார். “இன்னாபா, நேத்து வெறும் குச்சிதானே கொண்டாந்தே?”

“நேத்து பிரேக் கொஞ்சம் பிடிச்சிட்டுதுங்க.”