காபிக்காரன்

மயாதாவும் அவனிடம் போய்விட்டாள் என்று தெரிந்ததும் லுத்ஃபிக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை நாளும் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டியவள் அவள் ஒருத்திதான்.

"நீயுமா?" என்றார், கல்லூரி வாசலில் அவளை நிறுத்தி.

"கோச்சுக்காதீங்க சார். எல்லாரும் போறாங்க. நான் மட்டும் போகலைன்னா பரீட்சையில கோட்டை விட்டுடுவேன்."

லுத்ஃபி மன்சூரா நகரில் ஒரு வணிகவியல் கல்லூரியில் முதலாண்டுக்குப் பொருளாதாரம் நடத்துகிறவர். அவன் என்பது ஹானி. எதிர்த் தெருவில், மருந்துக்கடை மாடியில் அதே பாடத்துக்கு டியூஷன் எடுக்கிறவன். 'பொருளாதாரச் சக்கரவர்த்தி' என்று சுவருக்குச் சுவர் அவன் படம்தான் பல்லைக் காட்டுகிறது.

அன்று காலை நானூறு பேர் உட்காரும் கூடத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். லுத்ஃபி மஞ்சளேறிய நோட்டைப் பிரித்து, "டீ விலை ஏறினால் காபிக்காரனுக்குக் கொண்டாட்டம், சர்க்கரைக்காரனுக்குத் திண்டாட்டம்" என்று ஆரம்பித்தார். அந்த நோட்டில் டீயின் விலையை மட்டும் வருடா வருடம் திருத்திக்கொண்டு வருகிறார். ஒன்பதில் இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள்.

மதியம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். "இந்த மாசத்துக்குள்ள கூட்டம் சேரலைன்னா, பாடத்த வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன் லுத்ஃபி."

சாயங்காலம் தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு மருந்துக்கடை மாடி ஏறினார். முந்நூறு தலைகள். முதல் வரிசையில் மயாதா, கொட்டாத கண்ணோடு. அதைத்தான் அவரால் தாங்கவே முடியவில்லை.

"கண்ணுங்களா, டீ விலை ஏறினா?" என்றான் ஹானி, மைக்கில்.

"காபிக்காரனுக்குக் கொண்டாட்டம்!"

"சர்க்கரைக்காரனுக்கு?"

"திண்டாட்டம்!" கூரை அதிர்ந்தது.

அத்தனையும் லுத்ஃபியின் வார்த்தைகள். அவருக்காக ஒருத்தரும் ஒரு நாளும் இப்படிக் கத்தியதில்லை. பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். "திருட்டுப் பயலே! நான் டீ வித்தா எதிர்லயே காபிக் கடை போடுவியா?"

ஹானி ஓடிவந்து மரியாதையாக அவர் தலையில் முத்தமிட்டான். "காபியா? நான் சர்க்கரை சார்! ரெண்டு தடவை உங்ககிட்ட ஃபெயிலானவனுக்கு வேற என்ன தெரியும்? உங்களோட பன்னிரண்டு வருஷக் கேள்வித்தாள அடுக்கி வெச்சேன். எல்லாம் ஒரே தாள். அதத்தான் விக்கிறேன்."

லுத்ஃபிக்கு முகம் சிவந்தது. "இனி யார் தாள விப்பே? கூட்டம் இல்லைன்னு என்னையே மாத்தப்போறாங்க. சந்தோஷமா?"

ஹானியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. "மாத்தறாங்களா? புது ஆள் வந்தா கேள்வியும் புதுசா வருமே சார்!"

மேடைக்குத் திரும்பி ஓடி மைக்கைப் பிடுங்கினான்.

"நாளைக்குக் காலையில எல்லாரும் சார் வகுப்புல இருக்கணும். அவர் போனா நான் காலி!"