தலைவர் உரையின் கடைசி வரி

"ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தாறுல உடன்கட்டை ஏறுறதத் தடை பண்ணுனாங்க..."

"அது இருபத்தொம்பதுங்க. அம்பத்தாறு விதவை மறுமணச் சட்டம். மாத்திச் சொன்னா ஸ்கூலு புள்ளைங்களே சிரிக்கும்."

கையில் தாளோடு திருத்தினாள் ஜைத்தூன் பீவி. கணவர் கியாசுதீனுக்கு விருத்தாசலத்தில் பெரிய பீங்கான் கடை. அவரிடம் வாங்கிய ஊறுகாய் ஜாடி இல்லாத வீடு ஊரில் குறைவு. அன்று மாலை பள்ளி ஆண்டு விழாவுக்கு அவர்தான் தலைவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீர்திருத்தங்களைப் பற்றித் தலைமையாசிரியர் பாலகிருஷ்ணனே உரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"தாளப் பாத்துப் பேசுறவனெல்லாம் ஒரு தலைவனா? மனப்பாடமா வெளுத்து வாங்குறேன் பாரு. மேல படி."

"'பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு எதுக்குன்னு கேட்டவங்க வாய அடைச்சு, நூறு வருசம் முன்னாலயே பள்ளிக்கூடம் தொறந்தாங்க.'"

கியாசுதீன் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிப் பார்த்தார். உள்ளே மகள் ஜெரினா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எட்டாவது பாஸாகியும், வயசுக்கு வந்த பெண்ணுக்கு ஸ்கூல் எதற்கு என்று அவளை நிறுத்திவிட்டார். ஜைத்தூன் அழுது பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

"கடைசி வரி" என்று ஜைத்தூன் தொண்டையைச் செருமினாள். "'என் மகள் ஜெரினாவைத் திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கிறேன்.'"

"என்னது! என் வூட்டு விஷயம் அந்த வாத்தியாருக்கு எதுக்கு?"

"எழுதியிருக்காரே, நான் என்ன பண்ணட்டும்? வேணாம்னா விட்டுடுங்க. கடைசி வரிய ஏன் முழுங்கிட்டீங்கன்னு மேடையில வச்சே கேட்டார்னா, நீங்களே பதில் சொல்லிக்குங்க."

கியாசுதீன் பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் மனப்பாடம் செய்தார்.

மாலையில் ஒரு வருஷம்கூடப் பிசகாமல் பேசினார். கடைசி வரியை வேண்டா வெறுப்பாகத்தான் சொன்னார். கைத்தட்டல் அடங்கவே இல்லை.

பாலகிருஷ்ணன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். "அசத்திட்டீங்க பாய்! அந்தக் கடைசி வரி நான் எழுதவே இல்லையே. நீங்களா சேத்துக்கிட்டதுதானே? திங்கக்கிழமை நானே வாசல்ல நிக்கிறேன்."

கியாசுதீன் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து மேலும் கீழும் பார்த்தார். பெண்கள் வரிசையில் ஜைத்தூன் முக்காட்டை வாய்வரை இழுத்துக்கொண்டாள்.

பார்த்து என்ன செய்வது? தன் கையெழுத்தைத் தவிர ஓர் எழுத்தும் தெரியாத மனிதர் அவர்.