அக்கா என்று கூப்பிட்ட பூனை

மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு கட்டையன் என்ற பூனை வீடு திரும்பியது. கூடையை விட்டு இறங்கியதும் நேரே இன்வெர்ட்டர் பக்கம் போனது. அதன் மேல்தான் எப்போதும் கதகதப்பு. அங்கே படுத்திருந்தது பூசணி, கூடவே வளர்ந்த பூனை. முதுகை வளைத்துச் சீறியது.

"யாருடா நீ? மருந்து நாத்தம் குடலைப் பிடுங்குது. வெளியே போ!"

"நான்தான் அக்கா, கட்டையன்."

"அக்காவா? எங்க கட்டையன் ஒருநாளும் என்னை அக்கான்னு கூப்பிட்டதில்லை."

ஊசி குத்திய இடம் விண்விண்ணென்று தெறித்தது. சொந்த வீட்டிலேயே இடமில்லை என்றால் எங்கே போவது? கட்டையன் இன்னும் குழைந்தது.

"ஓரமா ஒரு சாண் இடம் கொடுங்க அக்கா. தொந்தரவு பண்ணமாட்டேன்."

"கொடுங்களாமே! திருட்டுப்பயல்தான் இப்படிப் பேசுவான்," என்று பூசணி ஓர் அறை விட்டது.

நாலு தரம் கெஞ்சி, நாலு அறை வாங்கியதுதான் மிச்சம். வலி ஒரு பக்கம், பசி ஒரு பக்கம். கடைசியில் கட்டையனுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரே தாவாகத் தாவி ஏறி, பின்பக்கத்தால் பூசணியை இடித்துத் தள்ளியது.

"நகருடி குண்டம்மா! வீடு முழுக்க உன் உடம்புதான்!"

பூசணி தொப்பென்று விழுந்தது. எழுந்து மேலே பார்த்தது. சிலிர்த்திருந்த வால் மெல்லத் தணிந்தது.

"அடப்பாவி, நீதானா! காலையிலிருந்து உன்னைத் தேடாத இடமில்லை. வந்ததுமே இப்படிச் சொல்லித் தொலைக்கக்கூடாதா?"

மேலே ஏறி வந்து கட்டையனின் காதை நக்கியது.

"தூ, கசக்குது," என்றது. ஆனால் நக்குவதை நிறுத்தவில்லை.